மாமன் பணம் வந்த வருஷங்கள்

முதல் மணியார்டர் வந்த அன்று அப்பாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவரைத் தேடித் தென்காசியிலிருந்து தபால்காரர் வரப்போடு வரப்பாக நடந்து வந்தார். வீட்டுக்கு வராமல் வயலுக்கே தபால்காரர் வந்தால் எங்கள் பக்கத்தில் அது சாவுச் செய்திதான். அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லவே. மலேயாவில இருந்து பணம் வந்திருக்கு. கையைக் கழுவிட்டு வாரும்" என்றார் தபால்காரர்.

அனுப்பியவர் என் தாய்மாமன், அம்மாவுக்கு ஒரே தம்பி. சின்ன வயதில் கப்பலேறிப் போய் அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். கல்யாணம் செய்து, பிரசவத்தில் மனைவியையும் பிள்ளையையும் ஒருசேரப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகுதான் பணம் வர ஆரம்பித்தது. மாதம் தவறாமல் வந்தது. நிலம் வாங்கு என்றோ, எனக்குச் சேர்த்து வை என்றோ, திருப்பிக் கொடு என்றோ ஒரு வார்த்தை கூட வரவில்லை.

"ஏளா, உன் தம்பி எதுக்கு அனுப்புதான்?" என்று அப்பா சோற்றில் கை வைக்காமல் கேட்பார்.

"அக்காளுக்குத் தம்பி அனுப்புதான். அதுக்கு ஒரு காரணம் வேணுமாக்கும்?" என்பாள் அம்மா.

அப்பாவுக்கு வேண்டும். கேட்டு வாங்குகிற பணம்தான் அவருக்குத் தெரியும். அறுப்புக்கு முன்னால் நெல் வியாபாரியிடம் கேட்டு வாங்குவார். களத்திலேயே அவன் சொன்ன விலைக்கு அளந்து கொடுத்துவிட்டு, வெறும் சாக்கை உதறிக்கொண்டு வருவார். கேட்காமல் வருகிற பணத்தை எந்தக் கையால் வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. "வேற எதுக்கு? பொண்ணைக் கட்டப் பரியம்" என்றார்கள். அந்தப் பொண்ணு நான். அப்போதுதான் தாவணி போட ஆரம்பித்திருந்தேன். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது எங்களில் சாதாரணம் என்பதால் அதில் யாருக்கும் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை, எனக்கு மட்டும்தான் தோன்றியது. ஒவ்வொரு மணியார்டருக்கும் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தபால்காரரைக் கண்டால் மாட்டுத்தொழுவுக்குள் போய்விடுவேன். பாவம் மாமன். அவர் அப்படி ஒரு வார்த்தை எழுதினதும் இல்லை, சொல்லி அனுப்பினதும் இல்லை. நாங்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். பயப்பட வேண்டியது எங்கள் வரப்பிலேயே இருந்தது.

பணம் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அடகில் கிடந்த அம்மாவின் பாம்படம் காதுக்குத் திரும்பி வந்தது. அந்த வருஷம் நெல்லைக் களத்தில் விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, விலை ஏறிய பிறகு விற்றோம். வியாபாரி வாசலில் வந்து நின்று, "என்ன அண்ணாச்சி, நம்மள மறந்துட்டேளே" என்று இளித்தான். ராத்திரி சோறு பொங்கினோம், கஞ்சி இல்லை. ஏழைக்குப் பணம் வந்தால் கெட்டுப்போவான் என்று யாராவது பேசினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டது பணத்தால் இல்லை. அதை எங்கே கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் கெட்டது.

எங்கள் வயல் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சிற்றாற்றிலிருந்து பிரிந்து வரும் ஒரு சின்ன வாய்க்காலின் கடைசியில் இருந்தது. வயலில் நிமிர்ந்து நின்றால் குற்றாலத்து மலை தெரியும். மலையில் மேகம் இறங்கினால் ஊரூராக வண்டி கட்டிக்கொண்டு அருவியில் குளிக்க வருவார்கள். அவர்கள் தலையில் விழுந்த தண்ணீர்தான் எங்கள் நெல்லுக்கும் வர வேண்டும். சாரல் பொய்த்தால் அவர்களுக்கு ஒரு குளியல் போகும், எங்களுக்குக் கார்ப் பருவத்து நெல்லே போகும்.

சாரல் இறங்குவதற்கு முன்னால், வைகாசியில் ஒரு நாள் வாய்க்கால் வெட்டுவார்கள். ஒவ்வொரு வயலுக்கும் இவ்வளவு நீளம் என்று பங்கு உண்டு. வயல்காரரே இறங்கித் தூர் வார வேண்டும். மத்தியானம் எல்லாரும் சேற்றோடு மருத மரத்தடியில் கஞ்சி குடிக்க உட்காருவார்கள். அந்த வருஷத்துத் தண்ணீர் முறை அங்கேதான் பேசி முடியும். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, தண்ணீர் குறைந்தால் யார் விட்டுக்கொடுப்பது என்று கத்துவார்கள், கெட்ட வார்த்தை சொல்லுவார்கள், கடைசியில் சிரித்துக்கொண்டு எழுந்து போவார்கள். கடை வயல்காரரான அப்பா எல்லாரையும் விட அதிகமாகக் கத்துவார். அதனால்தான் எங்களுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

பணம் வர ஆரம்பித்த மறு வைகாசியில் அப்பாவுக்குப் பாவூர்சத்திரத்தில் ஒரு மாடு பார்க்கப் போக வேண்டியிருந்தது. கையில் காசு இருந்தது. கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்து, தன் பங்கை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் நல்ல வேலைக்காரன், அப்பாவை விட ஆழமாக வெட்டினான். மத்தியானம் மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தபோது அவன் தள்ளிப் போய்த் தனியாகச் சாப்பிட்டான். தண்ணீர் முறையில் அவன் என்ன பேச முடியும்? முறை எங்களை விட்டுவிட்டே முடிவானது.

அந்த வருஷம் சாரல் கொட்டியது. கேட்காமலே தண்ணீர் வழிந்து வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மறு வருஷமும் அப்பா கூலியாளையே அனுப்பினார். "வேலை நடந்தாச் சரி. நான்தான் நிக்கணும்னு இருக்கா?" என்றார்.

நடவிலும் அதே கதைதான். எங்களைப் போன்ற சின்ன வயல்காரர்களுக்குள் நடவுக்குக் கூலி கிடையாது. இன்று அவர்கள் வயலில் நாங்கள் நடுவோம், இன்னொரு நாள் எங்கள் வயலில் அவர்கள் நடுவார்கள். அம்மா என்னை வீட்டில் நிறுத்திவிட்டு, வெளியூர்ப் பெண்களைக் கூலிக்கு வைத்து எங்கள் நடவை முடித்தாள். மற்றவர்கள் வயலுக்கு நாங்களும் போகவில்லை. எனக்குக் கொண்டாட்டம். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இல்லாமல் இருந்த முதல் ஆனி மாதம் அது. எனக்கு அன்றைக்கே மனசில் ஏதோ பட்டது என்று எழுதினால் பொய்.

அப்பாவுக்குத்தான் முதலில் பட்டிருக்க வேண்டும். எங்களுக்கு மேலே அடுத்த வயல் ஒருவருடையது. உறவு இல்லை, ஆனால் நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். வாய்க்கால் விஷயத்தில் அவர் சொல்வதுதான் எடுபடும். அப்பாவை அவர் "என்னவே, சாவலையா இன்னும்?" என்றுதான் கூப்பிடுவார். இப்போது, "வாங்க அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து பெருமையாகத்தான் சொன்னார், ஆனால் அந்த 'அண்ணாச்சி'யைத் தனக்குள்ளேயே ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இன்னொரு நாள் எங்கள் வரப்பு உடைந்து தண்ணீர் ஓடியது. முன்பெல்லாம் யாராவது ஒரு கட்டி மண்ணை வைத்து அடைத்துவிட்டு, அப்பாவைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டு போவார்கள். அன்று நாலு பேர் அந்த வழியாகப் போயிருந்தார்கள், கால் தடம் இருந்தது. உடைப்பைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

பிறகு யுத்தம் மலேயாவுக்கு வந்தது. மார்கழியில் வர வேண்டிய பணம் வரவில்லை, தையிலும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வராமல் சுற்றிப் போக ஆரம்பித்தார். அம்மா ஒரு நாள் தென்காசி வரை நடந்து போய்த் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். சிங்கப்பூர் விழுந்துவிட்டது, இனி அந்தப் பக்கத்திலிருந்து கடுதாசி கூட வராது என்று யாரோ சொன்னார்களாம். தம்பி இருக்கிறானா இல்லையா என்று அழுவதா, இனி அடுப்புக்கு என்ன செய்வது என்று அழுவதா என்று தெரியாமல் அவள் இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். பாம்படம் மறுபடி அடகுக்குப் போனது. அப்பா, "நமக்கு வயல் இருக்குளா, சாரல் வரட்டும்" என்றார்.

வைகாசியில் வாய்க்கால் வெட்டும் நாளன்று விடிவதற்கு முன்பே அப்பா மண்வெட்டியோடு போனார். நான் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் பங்கு வாய்க்கால் சுத்தமாக வெட்டிக் கிடந்தது. கரையெல்லாம் சீவி, புல்லெல்லாம் எடுத்து, கூலியாள் வெட்டினதை விட அழகாக இருந்தது. பெரியப்பா கரையில் நின்றார்.

"நாங்களே நேத்து வெட்டிட்டோம் அண்ணாச்சி. நீங்க எதுக்குச் சேத்தில எறங்கணும்?"

"எம்பங்கை நாந்தானவே வெட்டணும்?"

"இருக்கட்டும். வீட்டுக்குப் போங்க, வெயில் வந்திரும்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அப்பா பதிலுக்குக் கத்தியிருப்பார், எல்லாம் சரியாகியிருக்கும். அவர்கள் வெட்டி முடித்திருந்த வாய்க்காலில் அப்பா இறங்கி, சும்மா ரெண்டு வெட்டு வெட்டினார். வெட்ட ஒன்றும் இல்லை. மத்தியானம் வரை கரையில் நின்றார். மரத்தடியில் பேச்சு நடந்தது. அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அந்த வருஷம் சாரல் மெலிந்து வந்தது. எங்கள் முறை கடைசி. தண்ணீர் தர மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. முறைப்படி எல்லாருக்கும் பாய்ந்து எங்கள் மடைக்கு வரும்போது வாய்க்காலில் ஈரம்தான் மிச்சம் இருந்தது. நாற்றங்காலுக்கு அம்மாவும் நானும் குடத்தில் சுமந்து ஊற்றினோம். நாற்று வளர்ந்து நின்றது. குறித்த பருவத்தில் பிடுங்கி நட வேண்டும், விட்டால் முற்றிக் கணு விழும், நட்டாலும் கதிர் வராது. உழுது சேறடிக்கத் தண்ணீர் வேண்டும். ஒரே நாளில் நட்டு முடிக்கப் பத்துப் பெண்களாவது வேண்டும். கூலிக்கு வைக்கக் காசு இல்லை. அப்பா தினமும் நாற்றங்கால் ஓரத்தில் குத்தவைத்து, ஒரு நாற்றைப் பிடுங்கி, கணு விழுந்துவிட்டதா என்று அடித்தண்டைக் கிள்ளிப் பார்ப்பார். அந்த வயல் போனால் எங்களுக்கு அடுத்த வேளை இல்லை. அவர் கிள்ளுகிற சத்தம் கூட எனக்குப் பிடிக்காமல் போனது.

பெரியப்பா வயலில் நடவு என்று தெரிந்த அன்று அம்மா சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, "ஏட்டி, வா" என்றாள். கூப்பிடாத நடவுக்குப் போகிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "கூப்பிட்டா போறது? நம்ம வீட்டு நடவுதானட்டி" என்றாள். உள்ளூர்ப் பெண்கள் எல்லாரும் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். நாங்கள் கடைசியில் இறங்கினோம். பக்கத்தில் இருந்தவள் ஒரு கட்டு நாற்றை எங்கள் பக்கம் வீசினாள். யாரும் போ என்று சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், பல மாதத்துக்குப் பிறகு. அவ்வளவு வேகமாக அவள் நட்டு நான் பார்த்ததில்லை. இதை நட்டு முடித்துவிட்டால் நாளையோ மறுநாளோ இவர்கள் எங்கள் வயலில் இறங்குவார்கள், இறங்க வேண்டுமென்றால் தண்ணீரும் விடுவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பொழுது சாய நடவு முடிந்தது. பெண்கள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, அவளவள் வீட்டுக் கதையைப் பேசியபடி வெறுங்கையோடு கிளம்பினார்கள். பெரியப்பாவின் பெண்சாதி எங்களிடம் வந்தாள். அம்மாவை மைனி, மைனி என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறவள். மடியை அவிழ்த்துச் சில்லறையை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு பேர் கூலி. சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

"எதுக்கு மைனி இது?" என்றாள் அம்மா.

"வேலை செஞ்சா கூலி குடுக்கணும்லா."

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வாங்காதே என்பதற்குத்தான். வாங்கினால் நாங்கள் கூலிக்காரர்கள், எங்கள் நடவுக்கு அவர்கள் வர வேண்டியதில்லை. அம்மாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டில் அரிசி இல்லை என்பதும் தெரியும். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

வழியில் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அப்பா வாசலிலேயே எழுந்து வந்தார்.

"நம்ம நடவுக்கு என்னைக்கு வாறாளுவளாம்?"

"கூலி குடுத்துட்டா" என்றாள் அம்மா.

அப்பா அரிசிப் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மறுநாள் அவர் நாற்றங்காலுக்குப் போகவில்லை.