உள்பக்கத் தாழ்ப்பாள்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி அக்கா' என்று பெயர். லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். மேலாளர் தொண்டையைச் செருமினாலே எழுந்து நின்றுவிடுவாள். ஆனால் வேலையில் கெட்டிக்காரி. வீடு கட்டுகிறவர்கள் காகிதத்தில் கிறுக்கிக் கொடுப்பதை அவள் கணினியில் முப்பரிமாண வீடாக எழுப்பித் தருவாள். சுவரைத் தூக்கி, கதவு ஜன்னல் பொருத்தி, கடைசியில் பார்வையைத் தன் கண் உயரத்துக்கு இறக்கி அறை அறையாக நடப்பாள். ஒவ்வொரு அறைக்குள்ளும் நின்று, திரும்பிக் கதவைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். கட்டாத வீட்டுக்குக் குடிபோகிறாள் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தங்கமான பையன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு குடியிருக்க அவர் தன் வீட்டு மாடியில் ஒரு தளம் எழுப்பப் போகிறாராம். தானே பென்சிலால் வரைந்து, அளவெல்லாம் அழகாகக் குறித்து, "கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்கக்கா" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

வழக்கம்போலக் கட்டி முடித்து உள்ளே நடந்தாள். கடைசி அறைக்குள் போய்த் திரும்பினாள். கதவில் கைப்பிடி இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. ஜன்னல் கிடையாது, கூரையோரம் ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும். காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வரைந்திருந்தார். சாமான் போடும் அறையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் உள்ளே கட்டில் வரைந்திருந்தது.

போன் செய்தாள். "தம்பி, ஒரு ரூம்ல தாழ்ப்பாள் வெளிப்பக்கமா விழுந்திருக்கு. மாத்திடட்டுமா?"

"வேணாங்க்கா, சரியாத்தான் போட்டிருக்கேன். உங்க தங்கச்சிக்கு முணுக்குன்னா கோவம் வருதுல்ல. கொஞ்ச நேரம் உள்ள இருந்தா தானா அடங்கிடும்."

"உள்ள கைப்பிடி?"

"உள்ள எதுக்குக்கா?" என்று சிரித்தார். இவளும் ஈ என்று சிரித்தாள். பயந்தவளின் சிரிப்பே அப்படித்தான், நேரங்கெட்ட நேரத்தில் வந்து தொலைக்கும். சொன்னால் கல்யாணத்தைக் கலைத்தவள் என்று அம்மா காலத்துக்கும் கரித்துக்கொட்டுவாள். சொல்லாமல் விட்டால் தங்கை அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் தங்கை முன் வைத்தாள். தங்கை மெல்ல மவுஸை நகர்த்தி அறை அறையாகப் போனாள். அந்த அறைக்குள்ளும் போய்த் திரும்பினாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வென்டிலேட்டர் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு. ஏன்டி?"

"முதல்ல வரைஞ்சதுல அதுவும் இல்லக்கா. நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்."

அக்கா மடிக்கணினியை மூடினாள். தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்யாணமே வேணாம்னு நீ சொல்லேன்க்கா. நான் சொன்னா அவருக்குப் பிடிக்காது."

அக்கா போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். அவர் எடுத்ததும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள்.

"தம்பி, இந்தக் கல்யாணம் வேணாம்."

அந்தப் பக்கம் அதே மெதுவான குரல் கேட்டது.

"வீட்லதான இருக்கீங்க ரெண்டு பேரும்? இருங்க, வர்றேன்."