கதவு வசனம்

செத்துப்போன ஒரு அமெரிக்கக்காரிமேல் எனக்கு வயிற்றெரிச்சல் என்றால் யார் நம்புவார்கள்? ஊமைப்படக் காலத்தில் ஹாலிவுட்டில் கதை எழுதியவள். இயக்குநர் பெயருக்கு முன்னால் அவள் பெயர் திரையில் வரும். படம் பேச ஆரம்பித்ததும், இவளுக்குப் பேச்சு எழுத வராது என்று ஸ்டூடியோவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நானும் வசனம் எழுதுகிறவள்தான். மலையாள சீரியல்களைத் தமிழில் டப் செய்ய, வாயசைவுக்குப் பொருத்தமாக எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

அவளைப் பற்றி நெட்டில் தேடிப் பிடித்துச் சொன்னது நான். ஆனால் கரமனையில் எங்கள் வாசகர் வட்டம் பேசக் கூப்பிட்டது என் தோழியை. அவள் காலேஜ் புரபசர் அல்லவா! பேச்சுக்கு முன்னால் அமெரிக்கக்காரியின் படம் ஒன்றைப் போடுவார்கள். இடையிடையே திரையில் வரும் ஆங்கில வரிகளை நான் தமிழில் வாசிக்க வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன்.

தோழி பழவங்காடி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, படம் முடிகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் அது நடந்துவிட்டது. படத்தில் கணவன் பெட்டியோடு கிளம்புகிறான். 'காத்திருப்பேன்' என்று மட்டும் திரையில் எழுத்து வந்து போனது. அதன் பிறகும் மனைவியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அசைகிற வாயைச் சும்மா விட எனக்கு வராது, தொழில் அப்படி.

"காத்திருப்பேன். ஆனா கதவைத் திறந்து வைக்க மாட்டேன்" என்று வாசித்துவிட்டேன்.

பேச்சு முடிந்ததும் ரிட்டயரான அக்கவுண்டன்ட் ஒருவர் எழுந்தார். அந்தக் கதவு வசனம் ஒன்றே போதும், அதை எழுதியவளுக்கு ஒரு கைதட்டு கொடுங்கள் என்றார். கூடம் முழுக்கத் தட்டியது. அமெரிக்கக்காரி சார்பில் என் தோழி மேடையில் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் எழுத்துக்கு என் காதுபட விழுந்த முதல் கைதட்டல், அதுவும் அந்த அமெரிக்கக்காரிக்கே போயிற்று. எழுந்து சொன்னால், செத்தவளோடு போட்டிக்கு நிற்கிறாள் என்று சிரிப்பார்கள். உட்கார்ந்தே இருந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா வாசிச்சியாம், எல்லாரும் சொன்னா. எத்தனை நாள்தான் சீரியல்லயே கிடப்பே? அந்தக் கதவு வசனம் மாதிரி ஒண்ணு நீயும் எழுதப் பாரு, கேட்டியா?"

பார்க்கிறேன் என்றேன்.