கோப்பிக்கொட்டையோடு காய்ந்த பத்திரம்

எங்கள் வீட்டு ஃபைலில் ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது. ஓரங்கள் பொரித்த அப்பளம்போல நெளிந்தது. நடுவில் மங்கிய பழுப்புக் கறை. என் கணவரின் தங்கையுடையது. நேற்று என் மகளின் பத்திரத்தைத் தேடியபோது முதலில் கையில் தட்டுப்பட்டது அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். மகள் தவழும் வயது. மச்சாள் (அந்தத் தங்கையும் நானும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களோடு இருந்து, ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். பிரித்தானியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த வருடமே, முதுகுப் பையோடு ஆறு கிழமை கொலம்பியாவைச் சுற்றிப் பார்க்கப் போவதாக அறிவித்தாள். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"குண்டுக்குப் பயந்து இஞ்சை வந்தனாங்கள். நீ குண்டைத் தேடிப் போறியோ?"

"அது பெரிய நாடண்ணை. எல்லா இடத்திலையும் வெடிக்கிறேல்லை."

"இதைத்தானே நாங்களும் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இருந்தனாங்கள்."

அவளை மறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. போ என்று சொல்லவும் துணிவில்லை, போகாதே என்று சொல்லவும் மனமில்லை. கடைசியில் பையை அடுக்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த பை ஒரே விதம்தான். ஊரில் கதவடியில் எப்போதும் கட்டி வைத்திருப்போமே, அந்தப் பை: அடியில் பத்திரங்கள், அதற்கு மேல் உடுப்பு, பிறகு பிஸ்கட், டோர்ச். அப்படியொரு பையோடு மூன்று தரம் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறேன். அவள் காலுக்குச் சப்பாத்து வாங்கப் போன நேரம், அவளுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் கடைப் பையொன்றில் சுற்றி அடியில் வைத்தேன். இன்னொரு பிரதி எடுக்க ஏலாது. ஊரில் அந்தப் பதிவுக் கந்தோர் எரிந்துபோயிருந்தது. அதைத் தெரிந்துகொண்டே வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாம் கிழமை மெடலின் நகரத்திலிருந்து ஃபோன் வந்தது. "மச்சாள், இதை ஏன் வைச்சனீங்கள்? நான் என்ன அகதியாவே வந்தனான்?" சிரித்தாளா கோபித்தாளா என்று பிடிபடவில்லை. அடுத்ததாகக் கோப்பி விளையும் மலைகளுக்குப் போவதாகச் சொன்னாள். அதன்பின் ஒன்பது நாள் சத்தமில்லை. "தங்கச்சி ஃபோன் எடுத்தவளே?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் என் மனம் முதலில் அந்தத் தாளிடம்தான் ஓடியது, அவளிடம் அல்ல. பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே அதை நினைத்து வெட்கப்பட்டேன். அவரிடம் பத்திரத்தைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

அவள் கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தாள். பொகோட்டாவின் குளிரையும் மெடலினின் செங்கல் வீடுகளையும் பற்றி அண்ணனிடம் நெடுநேரம் கதைத்தாள். பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்து, நெளிந்த அந்தத் தாளை என் கையில் வைத்தாள். மலைப்பாதையில் மழை பிடித்துப் பை முழுக்க ஊறிவிட்டதாம். தங்கிய வீட்டுப் பெண், முற்றத்தில் கோப்பிக்கொட்டை பரவியிருந்த பாயின் ஓரத்தில் அந்தத் தாளை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, காயும்வரை கோழி கலைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாளாம். "என்ன இது எண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷிலை, நான் பிறந்ததுக்குச் சாட்சி எண்டு சொன்னன். உடனை எழும்பிப் போய்க் கதவடியிலை இருந்த ஒரு பையைக் கொண்டு வந்தா, மச்சாள். அடியிலை அவவின்ரை காணிப் பத்திரம். அவையும் ஒருக்கா ஓடின சனமாம்." என் கையிலிருந்த தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். "கோவத்திலை உங்களைப் பேசவெண்டுதான் வந்தனான். இப்ப ஏலாமல் கிடக்கு. இது உங்களிட்டையே இருக்கட்டும்."

கலியாணமாகி, பக்கத்து ஊரான சட்டனுக்குப் போனபோதும் அவள் அதைக் கேட்கவில்லை.

இன்று காலை மகள் பள்ளிக்கூடத்தோடு கடற்கரைக்குப் போகிறாள், மூன்று நாளைக்கு. நேற்றே அவளுடைய பத்திரத்தைப் பையின் அடியில் வைத்துவிட்டேன். விடிந்ததும் எடுத்தேன். திரும்ப வைத்தேன். மகள் கதவடியில் சப்பாத்தோடு நின்று, "அம்மா, பஸ் போயிடும்" என்றாள். மறுபடி எடுத்து, ஃபைலில் அந்த நெளிந்த தாளின் கீழே வைத்து மூடினேன். பிள்ளையின் பை இவ்வளவு பாரமில்லாமல் இருக்கலாமா என்று இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவள் தோளில் மாட்டினேன்.