பார்க்கர் என்று எழுதிய போர்டு

மில் பஸ் வேடசந்தூரைத் தொடுவதற்குள் செய்தி வந்துவிட்டது. நம் மில்லின் டைம் ஆபீஸில் நம்மோடு வேலை பார்த்த ஸ்டெல்லா பார்க்கர் காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். திண்டுக்கல்லில் அவர் குடியிருந்த வீட்டின் மாடியில்தான் நான் இருக்கிறேன். என்னைத் தன் சித்தி மகன் என்று சொல்லித்தான் வீட்டுக்காரரிடம் சாவி வாங்கித் தந்தார். நாங்கள் சொந்தமில்லை. இருவரும் தலித்துகள், அவ்வளவுதான்.

அவருக்கே அந்த வீடு கிடைத்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்கு முன் ஏழெட்டு வாசல்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இங்கே வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்: "நீங்க என்ன ஆளுக?"

"பார்க்கர், சார்."

"வெள்ளைக்காரப் பேரால்ல இருக்கு?"

"ஆமா சார். திண்டுக்கல் வெயில்ல கறுத்துட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். வீடு கிடைத்தது. வாசலில் பார்க்கர் என்று போர்டு மாட்டினார்.

ஸ்டெல்லா அக்காவின் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் தோல் கழுவியவர். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, கல்லறைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லில் இருந்த பெயரை எழுதிக்கொண்டு போனாராம். "இத வச்சு எவனும் நம்மளக் கண்டுபிடிக்க முடியாது" என்றாராம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஆங்கிலத்தில் B போட்டு Barker என்று எழுதும் அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன என்று போனில் தேடினேன். இங்கிலாந்தின் பழைய தொழிற்பெயர். மரப்பட்டையால் தோல் பதனிடுகிறவர் என்று இருந்தது. சத்தமாக வாசித்தேன். அக்கா டிபன் பாக்ஸை மூடினார்.

"எங்க அப்பாவும் ஆவாரம்பட்டையில ஊறுன தோலத்தாம்லே கழுவுனாரு" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "வீட்டுக்காரர் மகன் காலேஜ் படிக்கிறானே. அவனும் தேடிப் பாத்துட்டா?"

அன்றிலிருந்து கேட் சத்தம் கேட்டாலே டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். இங்கிலாந்தில் ஒரு பார்க்கர் எந்தத் தெருவிலும் குடியிருக்கலாம். இங்கே தோல் கழுவியவரின் மகள் சொந்த வரவேற்பறையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை ஊரின் நாகரிகம் என்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "நாஞ் செத்த பெறகு ஊருக்கே சொல்லு. பொணத்த எவன் காலி பண்ணச் சொல்லுவான்? அதுவரைக்கும் வாயத் தொறந்த, பல்லப் பேத்துருவேன்" என்றார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வீட்டுக்காரர் படியில் நின்றிருந்தார். "தங்கமான பொம்பள. அந்தப் போர்டக் கழட்டிருங்க தம்பி, புதுசா ஆள் வரும்."

கழற்றினேன். மாடிக்கு எடுத்துப்போனேன்.

அக்கா, சொல்லிவிட்டேன். இனி உங்களை யாரும் எதுவும் செய்ய முடியாது. என்னைச் செய்யலாம். நம் மில்லின் இந்த இதழ் வீட்டுக்காரர் கைக்கும் போகும். உங்கள் போர்டு என் அலமாரியில் இருக்கிறது. கீழே கேட் சத்தம் கேட்கிறது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.