ஆறெழுத்தில் ஒரு வாறன்

எண்பதுகளின் கடைசியில் மெல்பேர்னில், டண்டினோங் பக்கத்துச் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் என்றார்கள். பாடசாலைகளுக்கு மணி அடிக்கும் பெட்டி ஒன்றை மைக்ரோபுரொசசர் வைத்துச் செய்யவேண்டும்; புரோகிராம் முழுக்க என் பொறுப்பு. செய்தேன். ஒரு பாடசாலையில் பூட்டினோம். அது நாளுக்கு அரை நிமிடம் பிந்தியது.

நான் கிறிஸ்டலைத் திட்டினேன். பெட்டிக்குள் சீராகத் துடிக்கும் படிகத்துண்டு அது; அந்தத் துடிப்பை வைத்துத்தான் புரொசசர் நேரத்தை எண்ணுகிறது. விற்றவர்களோடு சண்டை பிடித்து வேறொன்று வாங்கிப் பூட்டினேன். அடுத்த கிழமையும் அதே அரை நிமிடம். நாளுக்கு நாள் அது சேர்ந்து, வெள்ளிக்கிழமை மணி இரண்டு மூன்று நிமிடம் பிந்தி அடித்து, பிள்ளைகள் சிலர் பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

முதலாளி அமைதியான வெள்ளைக்காரர். "இன்னும் ஒரு கிழமை தந்திருக்கிறார்கள். அதற்குள் சரிவராவிட்டால் பழைய சாவி மணிக்கூட்டுக்கே திரும்பிவிடுவார்கள். அப்புறம் உங்களுக்கு இங்கே வேலை இராது" என்றார்.

அன்று பெட்டியின் பிளக்கைக் கழற்றித் திரும்பச் செருகினேன். சரியான நேரத்தைக் காட்டியது. உள்ளே பட்டரியில் ஓடும் மணிக்கூட்டுச் சிப் ஒன்று தனியாக இருந்தது. மின்சாரம் வந்ததும் புரோகிராம் அதனிடம் ஒருமுறை நேரம் கேட்கும், பிறகு தானே எண்ணும். சிப் சரி. கிறிஸ்டலையும் மாற்றியாயிற்று. மிச்சம் நான் எழுதியதுதான். முகம் சூடாகிவிட்டது.

"மணிக்கொருதரம் சிப்பைக் கேட்டுத் திருத்திவிட்டால் போச்சு" என்றார் பக்கத்து மேசைக்காரர். பிழையை மூடி வைக்கிற வேலை எனக்கு ஆகாது. மாட்டேன் என்றேன்.

எண்ணும் முறை இதுதான். புரொசசர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். செக்கனுக்கு நூறு தடவை டைமர் அதைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் இன்டரப்ட். கூப்பிட்டதும் விட்ட இடத்தைக் குறித்துவைத்துவிட்டுப் போய், ஒன்றைக் கூட்டிவிட்டு, திரும்பி வந்து அதே இடத்திலிருந்து தொடரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு ஓர் அன்ரியும் அங்கிளும் வந்திருந்தார்கள். "சரி பிள்ளை, போட்டு வாறம்" என்று எழும்பினார்கள். எங்கள் சனம் அப்படிச் சொன்னால் உடனே போய்விடுமா? வாசலில் அரை மணித்தியாலம். அன்ரியின் முழங்கால், மருமகனின் விசா, முருங்கைக்காய் எந்தக் கடையில் வந்திருக்கிறது, எல்லாம் நின்ற நிலையில். உள்ளே தொலைபேசி அடித்தது. பிறகு பார்ப்போம் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

கார் போனபிறகு கணவர் கேட்டார். "போன் அடிச்சதோ?"

"ஓம், ஒருக்கா அடிச்சது" என்றேன்.

"த்ரீ டைம்ஸ், அம்மா" என்றாள் உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள்.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். என் புரோகிராமும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. நிமிடம் மாறும்போதெல்லாம் அது வெறுமனே ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்பவில்லை. புது நேரத்தைத் திரையில் எழுதி, எப்போது மணி அடிப்பது என்ற பட்டியலையும் ஒருமுறை தடவிவிட்டுத்தான் திரும்பியது. அதற்குள் டைமர் மூன்று தடவை கூப்பிட்டுவிடும். யாரோ கூப்பிட்டார்கள் என்று நினைவு வைக்க அதற்கு இருந்தது ஒரேயொரு அடையாளம். ஒன்று பதியும், இரண்டு தொலையும். பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கூப்பாடு செக்கனில் நூறில் ஒன்று; நிமிடத்துக்கு இரண்டு தொலைந்தால் நாளுக்கு இருபத்தொன்பது செக்கன், அதே அரை நிமிடம் வந்தது.

திங்கள் காலை அந்தப் பகுதியை வெட்டி எறிந்தேன். ஒன்றைக் கூட்டு, நிமிடம் மாறினால் ஒரு குறிப்பு வை, போ. திரையையும் பட்டியலையும் மற்றப் பகுதி ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளும். கூட்டிவிட்டு உடனே திரும்பும் பகுதிக்குப் பெயர் வைக்க ஆங்கில எழுத்து ஆறுக்குத்தான் இடம். VAARAN, 'வாறன்', என்று வைத்தேன். கணக்காக ஆறு.

வெள்ளி பின்னேரம் முதலாளியும் நானும் பாடசாலை அலுவலகத்தில் நின்றோம். அவர் நேரம் சொல்லும் தொலைபேசி எண்ணைச் சுழற்றி, ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தார். சரியான நேரத்தைக் குறிக்கும் மூன்றாவது 'பீப்'பும் எங்கள் மணியும் ஒன்றாகக் கேட்டன. பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். அந்த மணியை அடித்தவள் நான்தான் என்று அவர்களை மறித்துச் சொல்லவேண்டும்போல இருந்தது. அவ்வளவு பெருமை எனக்குப் பட்டம் வாங்கியபோதும் வரவில்லை.

தொழிற்சாலைக்குத் திரும்பியதும் முதலாளி புரோகிராம் அச்சடித்த தாளைப் புரட்டினார். "இதென்ன, வாறன்?"

"வருகிறேன் என்று அர்த்தம். நாங்கள் புறப்படும்போது சொல்வது."

"போகும்போது வருகிறேன் என்றா?"

தலையாட்டினேன். அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "அப்படியென்றால் திங்கட்கிழமையும் வாருங்கள். இனி எல்லாத் திங்கட்கிழமையும்."

"வாறன்" என்றேன், தமிழிலேயே. வாசலில் ஒரு செக்கனும் நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.