சன்னலோர விடுமுறைகள்

பசுமலையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஞானம் தையல் டீச்சராக இருந்தாள். தையல் சொல்லிக்கொடுப்பது போக, போர்டிங்கில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவதும், காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. அவளும் அதே போர்டிங்கில் வளர்ந்தவள்தான். மூன்று வயதில் யாரோ ஒரு பெண் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, "இந்தா வந்துருதேன்" என்று சொல்லிப் போனாளாம். வரவில்லை. பழைய பதிவேட்டில் அதற்கு மேல் ஒரு வரிகூடக் கிடையாது. ஞானம் என்ற பெயரும் அங்கே வைத்ததுதான்.

இதை அவள் பெரிய துக்கமாகச் சுமந்துகொண்டு திரியவில்லை. வேலை நாட்களில் அவளுக்கு எதற்கும் நேரமிருக்காது. லீவு நாட்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. லீவு என்றால் முந்தின நாளே பிள்ளைகளைக் கூட்டிப்போக அப்பன்மாரும் மாமன்மாரும் வந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் துணி காயப்போடும் கொடியில் ஒரு பாவாடைகூட இருக்காது. அந்த வெறுங்கொடி காற்றில் ஆடுவதைப் பார்த்தால் ஞானத்துக்கு என்னவோ செய்யும்.

பத்தொன்பது வயதில் ஒரு தீபாவளிக்கு, உடன் வேலைபார்த்த டீச்சர் ஒருத்தியை வழியனுப்ப ரோட்டுக்குப் போனாள். திருமங்கலத்திலிருந்து வருகிற பஸ் வந்து நின்றது. தோழியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதற்காக ஞானமும் உள்ளே ஏறினாள். பெட்டியை வைத்து நிமிர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. சன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்துகொண்டாள். மாடக்குளம் கண்மாய்த் தண்ணீர் வெயிலில் தகதகவென்று கூடவே ஓடிவந்தது. ரயில்வே ஸ்டேஷனில் தோழி இறங்கிப் போனாள். ஞானம் இறங்கவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையத்தில் போய் நின்றது, டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார், வந்த வழியே திரும்பியது. பசுமலையில் இறங்கியபோது காலடியில் தரை லேசாக மிதந்தது.

அதிலிருந்து லீவு என்றால் பஸ்தான். பொங்கலுக்கு ஏறினால் பழங்காநத்தம் வரை கொம்பில் சாயம் பூசின மாடுகள். ரம்ஜானுக்கு ஏறினால் கோரிப்பாளையத்தில் சாட்டின் சட்டை போட்ட பிள்ளைகள் தர்கா வாசலில் ஓடித் திரியும், சன்னல் வழியாக அத்தர் வாசனை வரும். சக்கரவர்த்தி பிறந்தநாளுக்குக் கூட்டமே இருக்காது. கலெக்டர் கச்சேரிக் கட்டிடங்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். பெரிய வெள்ளிக்கு மட்டும் அவள் ஏறமாட்டாள். அன்றைக்குக் கோயிலில் மூன்று மணிநேர ஆராதனை.

கண்டக்டர் கருத்தக்கண்ணன் ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தான்.

"எங்க எறங்கணும் டீச்சரம்மா?"

"கோரிப்பாளையம் போயிட்டுத் திரும்பப் பசுமலைதான்."

"கோரிப்பாளையத்துல யாரையும் பாக்கணுமோ?"

"இல்லண்ணே. சும்மா."

நாலைந்து லீவுக்குப் பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். லீவு நாளில் பசுமலை நெருங்கும்போதே டிரைவருக்குப் பின்னால் உள்ள சன்னலோரத்தில் தன் துண்டைப் போட்டு வைத்துவிடுவான். வேறு யாராவது உட்காரப் போனால், "அது டீச்சரம்மா எடம்" என்பான்.

அந்த இடத்தில் உட்கார்ந்து ஞானம் என்ன செய்தாள் என்று கேட்டால் சொல்ல வெட்கப்பட்டிருப்பாள். கடந்துபோகிற வீடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வாள். நீலக் கதவு போட்ட வீடு, இன்றைக்கு அது தன் வீடு. மாடியில் மிளகாய் காயப்போடுகிறவள் பெரியம்மா. வாசலில் சைக்கிளைத் துடைக்கிறவன் தம்பி, கோபக்காரன். பஸ் தெருமுனையில் திரும்புவதற்குள் அந்த வீட்டில் பிறந்து, வளர்ந்து, பெரியம்மாவிடம் ஒரு சண்டையும் போட்டு முடித்திருப்பாள். அடுத்த தெருவில் வேறு வீடு, வேறு பெரியம்மா. இப்படியே வருஷங்கள் போயின.

உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு கரி அடுப்பை மாட்டினார்கள். கிளீனர் மலைச்சாமிக்கு ஐம்பது வயதுக்கு மேல். அடுப்பு மூச்சுவிட மறந்தால் அவர் இறங்கிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். பஸ் இருமும், யோசிக்கும், பிறகு நகரும். மாட்டுவண்டிகள் அதை முந்திக்கொண்டு போவதும் உண்டு. ஞானத்துக்கு இது வசதியாகப் போயிற்று. வீடுகள் மெதுவாக வந்தன, மெதுவாகப் போயின.

நாற்பத்து மூன்றாம் வருஷம், அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். உள்ளூர் விடுமுறை. விடிகாலையில் பசுமலைக்கு வந்த பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. சர்க்கரை நிரப்பி வாழையிலையால் வாய் கட்டின செம்புகளோடு பெண்கள், மடியில் பிள்ளைகள், கூரைமேல் ஆண்கள். அப்படியும் அந்தத் துண்டு கிடந்தது. ஆற்றுப்பக்கம் வண்டி விடவில்லை என்று ஸ்டேஷனோடு நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் இறங்கி ஆற்றைப் பார்க்க ஓட, காலிப் பஸ்ஸில் ஞானம் மட்டும் இருந்தாள். வெகுதூரத்தில் லட்சம் பேர் சேர்ந்து போடுகிற சத்தம், கடல் இருந்தால் இப்படித்தான் கேட்குமோ என்று நினைக்கும்படி வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டபடியே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது பஸ்ஸைச் சுற்றிலும் தலைகள். சாமி பார்த்துத் திரும்புகிற கூட்டம் வாசலில் மோதிக்கொண்டிருந்தது. கருத்தக்கண்ணன் தொண்டை கிழியக் கத்தினான். அப்போது ஞானத்தின் சன்னலுக்கு வெளியே இரண்டு கைகள் உயர்ந்தன. கைகளில் ஒரு குழந்தை.

"தாயி, இதைச் செத்தப் பிடிங்க. நான் வாசல் வழியா வாரேன்."

யோசிக்க நேரமில்லை. ஞானம் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். இரண்டு வயதிருக்கும். மொட்டையடித்துச் சந்தனம் பூசின தலை. குழந்தையைக் கொடுத்த பெண் வாசலை நோக்கி நெருக்கினாள். சிவப்புக் கண்டாங்கி, காதில் பாம்படம். இரண்டு முறை வாசல்வரை வந்தாள், இரண்டு முறையும் கூட்டம் அவளைப் பின்னால் தள்ளியது. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. பிள்ளையோட ஆத்தா ஏறல" என்றாள் ஞானம்.

"இப்பத்தான் அடுப்பு பத்தியிருக்கு, நிறுத்துனா அமந்துரும்மா, மறுபடி கெளம்பாது" என்றார் டிரைவர் திரும்பாமலே.

வெளியே அந்தப் பெண் கொஞ்சதூரம் கூடவே ஓடிவந்தாள். "திருமங்கலம்" என்று அவள் கத்தியது கேட்டது. பிறகு தலைகளுக்குள் மறைந்துவிட்டாள்.

குழந்தை அழும் என்று ஞானம் பயந்தாள். அது அழவில்லை. அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிறு சிலுவையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிறகு சந்தனத் தலையை அவள் நெஞ்சில் சாய்த்துத் தூங்கிப்போயிற்று.

பசுமலை வந்தது. கருத்தக்கண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"டீச்சரம்மா, பிள்ளையை எங்கிட்டக் குடுத்துட்டு நீங்க எறங்குங்க. திருமங்கலத்துல வச்சுப் பாத்துக்கிறேன்."

ஞானம் குழந்தையைப் பார்த்தாள். "எங்கிட்டத்தான குடுத்தா, நானே வாரேன்" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பஸ் அவளை ஏற்றிக்கொண்டு பசுமலையைத் தாண்டியது. திருப்பரங்குன்றம் மலை இடப்பக்கமிருந்து மெல்ல நழுவிப் பின்னால் போயிற்று. தோப்பூருக்கு அந்தப் பக்கம், புளியமரங்கள் இருபுறமும் கவிந்த ஓரிடத்தில் அடுப்பு அவிந்து பஸ் நின்றுவிட்டது. மலைச்சாமி இறங்கிக் கரியைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். எல்லோரும் இறங்கி நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். உள்ளே இவள் மட்டும், மடியில் குழந்தையோடு. உச்சிவெயிலில் ரோடு நெளிந்தது. அனலில் தூரத்துப் பனைகள் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்பதுபோல் இருந்தன.

வீடுகளைப் பிடித்த பழக்கத்தில் மனசு தானாக ஓடியது. அந்தப் பெண் வராமல் போனால்? குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது? போர்டிங்கில் தன் அறையில் சின்னத் தொட்டில் ஒன்று போடலாம். மீந்த சீட்டித் துணியில் கழுத்துக்குச் சுருக்கு வைத்து ஒரு கவுன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் நீளமாகப் பின்னல். லீவு நாளில் இருவருமாகப் பஸ்ஸில் ஏறி...

இவ்வளவு தூரம் போனதும் திடுக்கிட்டாள். 'ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறாள், நான் இங்கே கவுன் தைக்கிறேன்' என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அதே சமயம் வேறொரு நினைப்பு, யாரோ சொல்லி அனுப்பினதுபோல் வந்தது. 'இந்தா வந்துருதேன்' என்று சொல்லிப் போனவள், வரத்தான் நினைத்திருப்பாளோ? ஏதோ ஒரு வாசலில் நெருக்கித் தள்ளி, வழி கிடைக்காமல் போயிருக்குமோ? இத்தனை வருஷத்தில் இப்படி ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. விட்டுவிட்டுப் போனாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படியே வைத்திருந்தாள். இப்போது அந்த முகமில்லாத பெண் சிவப்புக் கண்டாங்கியோடு கூட்டத்தில் தடுமாறுவது தெரிந்தது. ஞானத்தின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

திருமங்கலத்தில் பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே வெள்ளைத்துரை என்பவர் காப்பிக் கிளப்பு வைத்திருந்தார். அவர் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லி, குழந்தைக்கு ஆற்றின பால் கொடுத்தார். அடுத்த பஸ் வந்தது, அந்தப் பெண் இல்லை. குழந்தை விழித்து, பால் குடித்து, ஈக்களை எண்ணுவதுபோல் விரல்நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு இன்னொரு பஸ் வந்தது. கூரைமேல் மூட்டைகளுக்கும் ஆண்களுக்கும் நடுவே ஒரு சிவப்புச் சேலை. ஏணிப்படியில் அவள் இறங்கிய வேகத்தில் கீழே நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

குழந்தை "ஆத்தா" என்றது. அவள் அதை வாரி எடுத்து, சந்தனத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு ஞானத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அழுதாளா?"

"இல்ல. ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள் ஞானம்.

"வண்டி போகையில ஈரக்கொலையே அத்துப்போச்சு தாயி. பெறகு நெனச்சேன், அம்புட்டுச் சன்னல்லயும் இந்த மொகத்தப் பாத்துத்தான குடுத்தோம்னு. அதை நெனச்சுக்கிட்டே வந்தேன்."

அவள் பெயர் மாயக்காள். ஊர், ரோட்டைவிட்டு மேற்கே இரண்டு மைல் உள்ளே வேப்பனூத்து. புருஷன் பேயாண்டி மாட்டுக்குக் காவலாக வீட்டிலேயே இருந்துவிட்டான். குழந்தை செல்லத்தாய், முதல்மொட்டை. இதெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு ஞானம் எப்போதும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடுவாள். அன்றைக்கு என்னவோ, உள்ளதைச் சொன்னாள். மாயக்காள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, சாமிக்குக் காட்டின சர்க்கரையை உள்ளங்கை நிறைய எடுத்தாள்.

"இது எங்க சாமி சர்க்கரை. திம்பீங்களா?"

ஞானம் கைநீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கரிப்புகையும் வியர்வையும் சேர்ந்த வாயில் அது அத்தனை இனித்தது.

"அடுத்த லீவு எப்போ?"

"கோடை லீவு பூராவும் பிள்ளைகளுக்குத் துணி தைக்கணும். பெறகு ஜூன் மாசம், சக்கரவர்த்தி பிறந்தநாள்."

"அவரு பொறந்ததுக்கு நமக்கென்ன. அன்னைக்கு வந்துருங்க."

ஜூன் மாதம் துண்டு போட்டு வைத்திருந்த கருத்தக்கண்ணனுக்குக் குழப்பமாகப் போயிற்று. அவன் பஸ் பசுமலையில் நின்றபோது, ஞானம் ரோட்டின் எதிர்ப்பக்கம், திருமங்கலம் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். படியில் நின்றபடியே, "என்ன டீச்சரம்மா, தெசை மாறிப் போச்சு?" என்றான்.

"எறங்குற எடம் கெடச்சிருச்சுண்ணே."

வேப்பனூத்துக்கு வண்டிப்பாதையில் நடந்தாள். இரண்டு பக்கமும் கரிசல், மேலே அசையாத வெள்ளை மேகங்கள். ஊருக்கு முன்னாலேயே மாயக்காள் கடைசி எடுப்புப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வந்துட்டியா, அந்தச் சாக்கைப் பிடி" என்றாள். பஸ்ஸில் கொடுத்த மரியாதை அன்றோடு போயிற்று. ஞானம் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சாக்கைப் பிடித்தாள். மரத்தடித் தொட்டிலில் இருந்த செல்லத்தாய் இவளை அடையாளம் கண்டு சிரித்ததா, சும்மா சிரித்ததா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு எந்த லீவுக்கு எந்த வேலை நடக்கும் என்பது ஞானத்துக்கு அத்துபடியாகிவிட்டது. தீபாவளி என்றால் களையெடுப்பு. பொங்கல் கழிந்தால் சோளம். போர்டிங் பிள்ளைகள், "டீச்சர், லீவுக்கு எங்க போறீங்க?" என்று கேட்டால், "ஊருக்கு" என்பாள். செல்லத்தாய் அவளைச் சின்னாத்தா என்றே கூப்பிட்டு வளர்ந்தாள். சண்டை முடிந்து பஸ்ஸிலிருந்து கரி அடுப்பைக் கழற்றிவிட்டார்கள், பயணம் பாதி நேரமாகக் குறைந்தது. பிறகு தேசம் சுதந்திரம் அடைந்தது. சக்கரவர்த்தி பிறந்தநாள் லீவு போயிற்று, ஆகஸ்டில் புதிதாக ஒரு லீவு வந்தது. அது காட்டுக்கு எருக்குப்பை அடிக்கிற மாதம். நாற்பத்தெட்டாம் வருஷம் அந்த லீவன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றியதும் ஞானம் பஸ் பிடித்துப் போய், மாலைவரை கூடை கூடையாக எருச் சுமந்தாள். மறுநாள் தையல் வகுப்பில் கழுத்து இடது பக்கம் திரும்பவே இல்லை. இடது பக்க வரிசைப் பிள்ளைகள் அன்றைக்கு இஷ்டத்துக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.