அப்பாவின் ரெக்கார்டு ஜெயித்த கதை

எங்கள் அப்பாவிடம் வாதம் செய்து ஜெயித்தவர்கள் பிரிக்பீல்ட்ஸில் யாரும் இல்லை. அவர் தோற்றதில்லை என்று சொல்ல மாட்டேன், தோற்றதை ஒப்புக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவரிடம்தான், ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தாய்மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை புது சிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஒரே பாட்டை ரெக்கார்டிலும் சிடியிலும் போட வேண்டும். சிடிதான் நன்றாக இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டால் ரெக்கார்டு பிளேயர் ஸ்டோர் ரூமுக்குப் போகும், சிடி பிளேயர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். இதுதான் முந்தின வாரமே மாமா வைத்த பந்தயம். எங்கள் வீட்டுக்கு சிடி வந்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் நான் முன்கூட்டியே பறைசாற்றியிருந்தேன்.

முதலில் ரெக்கார்டு. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் பாட்டு முழுக்கப் படபடவென்று சத்தம். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு சிடி. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மாமா ஜெயித்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“என்னா பெரிய வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதான் லா. ரெக்கார்டுல குரல் கொஞ்சம் கனமா இருக்கு, அதான் பெஸ்ட்,” என்றார் அப்பா.

“அந்தப் படபட சத்தம் கேக்கலையா அத்தான்?”

“எங்க சத்தம்? நான் தொடச்சித் தொடச்சி வச்சிருக்கிற ரெக்கார்டு அது.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறார் என நாங்கள் சிரித்தோம். மாமா விடவில்லை. ரெக்கார்டை மறுபடி போட்டு, பாட்டு தொடங்குமுன் வெறும் படபட சத்தம் மட்டும் வரும் இடத்தில் வால்யூமை ஏற்றினார். வீடே படபடத்தது.

அப்பா நிதானமாகச் சொன்னார்: “சும்மா சுத்த விடாத மாப்ளே, பாட்டப் போடு.”

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “வேலை செய்யுற எடத்துல காதுக்கு ஏதாச்சும் போட்டுக்கிறீங்களா அத்தான்?”

“எதுக்கு? ரயில்வே பட்டறையில இரும்பு அடிக்கிற சத்தம்லாம் எனக்கு எப்பவோ பழகிப்போச்சு.”

மாமா ரெக்கார்டை நிறுத்தினார். பிறகு, “உங்க ரெக்கார்டுதான் பெஸ்ட் அத்தான்,” என்று சிடி பிளேயரைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவரை நம்பியா ஊரெல்லாம் சொல்லிவைத்தேன்? அவரோ வாசலில் அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அம்மா அப்பாவைச் சமையலறையிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கிட்டே வந்து, தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துப் பேசினாள். பந்தயத்தில் ஜெயித்ததால்தான் அப்பாவுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை என்று நினைத்து, மாமாமேல் இன்னும் கோபப்பட்டேன்.